தரையில் முடிவாகும் தாவல்

திருப்பூரின் நிட்டிங் கூடங்களில் ஓடும் வட்டப் பின்னல் இயந்திரத்தில், 30 அங்குல டயாவும், அங்குலத்துக்கு 24 ஊசி என்னும் 24 கேஜும் கொண்ட சிலிண்டர் ஒன்றைச் சுற்றி ஏறத்தாழ 2,260 ஊசிகள் நிற்கின்றன. ஒவ்வோர் ஊசியும் தன் உடலிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் சிறு முனையைக் 'கேம்' எனப்படும் எஃகுத் தடத்தில் வைத்துக்கொண்டு, தடம் ஏறும் இடத்தில் ஏறியும் இறங்கும் இடத்தில் இறங்கியும் நூலைக் கொக்கியில் பற்றிக் கண்ணியாக்குகிறது. சிலிண்டர் நிமிடத்துக்கு 30 சுற்றுச் சுழன்றாலும் ஊசியின் வேகம் நொடிக்கு 1.2 மீட்டரைத் தாண்டுவதில்லை. ஆனால் நூலை ஊட்டும் ஃபீடர்கள் 90 பூட்டிய இயந்திரத்தில் ஒரே நொடிக்குள் அது 45 முறை ஏறி இறங்க வேண்டியிருப்பதால், ஏற்றமும் இறக்கமும் கூடும் மூலை கூர்மையாக இருக்குமானால் முனை தேய்ந்து கொக்கி முறியும். அந்த மூலையை வளைகோடாக மாற்றிய பிறகே பின்னல் இயந்திரங்களால் மேலும் விரைந்து ஓட முடிந்தது. இயங்கும் பொருளை உடைப்பது அது ஏறிய உயரத்தைக் காட்டிலும் அதன் திசை எவ்வளவு சடுதியில் மாறுகிறது என்பதே என்னும் இந்த உண்மை, மண்மேட்டில் ஏறி அந்தரத்தில் பறந்து மறுபுறம் இறங்கும் மலைச் சைக்கிளுக்கும் முழுமையாகப் பொருந்தும்.

இரண்டுக்கும் உள்ள வேறுபாடு ஒன்றே. ஊசி தன் தடத்தை விட்டு ஒருபோதும் விலகுவதில்லை. சைக்கிளோ மேட்டின் விளிம்பில் தடத்தை விட்டுவிடுகிறது. விட்ட கணத்திலிருந்து அதன் பாதையை மாற்றும் ஆற்றல் ஓட்டுபவரிடம் இல்லாமற்போவதால், தாவலின் நன்மை தீமைகள் பெரும்பாலும் விளிம்புக்கு முந்தைய இரண்டு மீட்டர் தரையிலேயே முடிவாகிவிடுகின்றன. தாவக் கற்க விரும்பும் இளைஞர்கள் காற்றில் என்ன செய்வது என்றே முதலில் கேட்கிறார்கள். விடையோ தரையில் இருக்கிறது.

மலைச் சைக்கிள் என்பது அகன்ற முரட்டு டயர்களும், அதிர்ச்சியை வாங்கும் முன் போர்க்கும், பாதுகாப்பான பிரேக்குகளும் கொண்டு, தார்ச் சாலைக்கு வெளியே ஓடுவதற்கென்று உருவான வண்டி. அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்து மரின் வட்டாரத்தில் 1976-ஆம் ஆண்டு தொடங்கிய 'ரீபேக்' என்னும் மலையிறங்கு பந்தயத்தில் அதன் வரலாறு வேர்கொண்டிருக்கிறது. ஒவ்வோர் ஓட்டத்திலும் பின்சக்கர பிரேக்கின் கிரீஸ் சூட்டில் புகைந்து போனதால் மறுபடியும் கிரீஸ் அடைக்க வேண்டியிருந்தது என்பதே அந்தப் பெயருக்குக் காரணம். 1990-இல் உலகப் போட்டியாகவும் 1996-இல் அட்லாண்டா ஒலிம்பிக் விளையாட்டாகவும் வளர்ந்த இக்கலை, 2023 அக்டோபரில் கேரளத்தின் பொன்முடியில் நடந்த ஆசிய மலைச் சைக்கிள் போட்டியின் வழியாகத் தென்னிந்தியாவின் மலைமுகட்டுக்கும் வந்து சேர்ந்தது.

திருப்பூர் மாவட்டம் பெரும்பகுதியும் மலைநாடு அன்று. மேடும் பள்ளமுமாக அலையலையாய்க் கிடக்கும் செம்மண் சரளை நிலம். ஊத்துக்குளிக் குன்றும் காங்கேயத்துச் சிவன்மலையும் இடையிடையே எழுந்து நிற்க, கிளுவை வேலிகளுக்கு நடுவே ஓடும் இட்டேரிகள் ஊர்களை இணைக்கின்றன. இந்த இட்டேரிகளின் கரைகளும் குளக்கரைகளும் தோட்டத்து மண்மேடுகளும் ஒரு சைக்கிள் தாவலுக்குப் போதுமான உயரம் உடையவை. தெற்கே உடுமலைக்கு அப்பால் உயரும் திருமூர்த்தி மலைப்பகுதியின் காடுகள் ஆனைமலைப் புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தவை என்பதால் அங்கே வனத்துறையின் அனுமதியின்றி வண்டியோடு நுழைவதற்கில்லை. அது சரியான கட்டுப்பாடும்கூட. கற்பதற்குரிய இடம் சொந்தக்காரரின் சம்மதம் பெற்ற பட்டா நிலமே.

விளிம்பை விட்ட சைக்கிளும் ஓட்டுபவரும் சேர்ந்த தொகுதியை இயற்பியல் ஓர் எறிபொருளாகக் கொள்கிறது. எறிபொருள் என்பது வீசப்பட்ட பின் புவியீர்ப்பு தவிர வேறு விசை ஏதும் குறிப்பிடத்தக்க அளவில் தாக்காத பொருள். அதன் பாதை பரவளையம் என்னும் வளைகோடாக அமையும் என்பதைக் கலிலியோ 1638-இல் வெளியான தம் நூலில் நிறுவினார். மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில், தரையோடு 30 பாகை சாய்ந்த விளிம்பிலிருந்து கிளம்பும் சைக்கிள், விளிம்பு மட்டத்துக்கு மேல் 61 சென்டிமீட்டர் உயர்ந்து, 0.7 நொடி காற்றில் இருந்து, நாலேகால் மீட்டர் தொலைவில் அதே மட்டத்துக்கு வந்து சேர்கிறது. வேகம் 20 கிலோமீட்டராகக் குறைந்தால் தொலைவு 2.7 மீட்டராகச் சுருங்கிவிடும். வேகத்தில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்ததற்குத் தொலைவில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இழப்பு நேர்வதற்குக் காரணம், தொலைவு வேகத்தின் இருமடியைப் பொறுத்தது என்பதே. மேட்டை நெருங்கும்போது அச்சத்தால் பிரேக்கை இலேசாகத் தொடுபவர் பள்ளத்தில் விழுவதும் இந்தக் கணக்கினாலேயே நிகழ்கிறது.

எனவே முதலில் வசப்படுத்த வேண்டியது ஒவ்வொரு முறையும் மாறாத வேகம். அதை மிதித்துப் பெறுவதைவிடச் சரிவிலிருந்து பெறுவது நம்பகமானது, ஏனெனில் இறங்கும் உயரம் ஒன்றாயிருந்தால் வந்துசேரும் வேகமும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும். உராய்வும் காற்றின் தடையும் இல்லையென்று கொண்டால் 25 கிலோமீட்டர் வேகத்துக்கு இரண்டரை மீட்டர் இறக்கம் போதும். மண்தரையின் இழப்பை ஈடுசெய்ய மூன்று மீட்டருக்குமேல் தேவைப்படலாம். சரிவில் ஓரிடத்தில் கல் நட்டு, அங்கிருந்து மிதிக்காமலும் பிரேக் பிடிக்காமலும் உருண்டு வந்து, வேகம் மிகுந்தால் கல்லைக் கீழிறக்கியும் குறைந்தால் மேலேற்றியும் சரிசெய்துகொள்வது, எந்தக் கருவியும் இல்லாமல் வேகத்தை நிலைநிறுத்தும் முறையாகும்.

அடுத்து வருவது மேட்டின் வளைவு. ஏறுமுகம் சமதளத்திலிருந்து நான்கு மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் துண்டுபோல வளைந்து எழுகிறது என்று கொண்டால், அதில் 25 கிலோமீட்டர் வேகத்தில் நுழைபவரின் உடலைத் தரை வழக்கத்தைப்போல் இருமடங்குக்கும் சற்று மிகுதியான விசையோடு மேலே தள்ளுகிறது. வளைந்த பாதையில் செல்லும் பொருளை வட்டத்தின் மையத்தை நோக்கித் திருப்பிக்கொண்டே இருக்கும் இந்தக் கூடுதல் விசைக்கு மையநோக்கு விசை என்று பெயர். 65 கிலோ எடையுள்ளவர் அந்தச் சிறு பொழுதில் 140 கிலோவுக்கு மேற்பட்டவராகத் தம்மை உணர்வார். முழங்கால் அதைத் தாங்காமல் மடங்கிவிட்டால் மேடு கொடுத்த உந்தலைக் கால்களே விழுங்கிவிடும். மேட்டின் மேல் ஏறிய சைக்கிள் துணி நழுவுவதுபோல விளிம்பிலிருந்து வழிந்து கீழே இறங்கும்.

தேர்ந்தவர் செய்வது இதற்கு நேர்மாறானது. மேட்டின் அடிவாரத்தில் முழங்காலையும் முழங்கையையும் மடித்துத் தாழ்ந்து, வளைவு அழுத்தத் தொடங்கும்போது கால்களை நீட்டிப் பெடல்களைத் தரைக்குள் தள்ளுவதுபோல மிதித்து, விளிம்பை அடையும்போது ஏறக்குறைய நிமிர்ந்துவிடுகிறார். ஆடி நோன்பின்போது கொங்கு நாட்டு ஊர்களில் மரக்கிளையில் கட்டும் தூரி என்னும் ஊஞ்சலில் நின்றாடும் பெண்கள், தூரி கீழ்ப்புள்ளியைக் கடக்கும்போது எழுந்தும் மேற்புள்ளியில் தாழ்ந்தும் யாரும் தள்ளாமலே ஆட்டத்தை உயர்த்திக்கொள்வதில் இருப்பதும் இதே அறிவியல்தான். வளைவின் அடியில் உடல் கனத்திருக்கும்போது எழுவதற்கு மிகுதியான வேலை செய்ய வேண்டியிருக்கிறது, அந்த வேலையே ஆட்டத்தின் ஆற்றலாகச் சேர்கிறது. 'பம்ப் ட்ராக்' எனப்படும் அலைமேட்டுத் தடங்களில் பெடலைச் சுற்றாமலே சைக்கிளை ஓட்ட முடிவது இதனால்தான். சைக்கிளைக் கைகளால் மேலே இழுப்பதே தாவல் என்று எண்ணுவோர் இந்த இடத்தைக் கூர்ந்து நோக்க வேண்டும்: மேலே எழுவதற்குரிய ஆற்றல் கீழ்நோக்கிய அழுத்தத்திலிருந்து பிறக்கிறது.

இந்த அழுத்தம் எப்போது தொடங்கி எப்போது முடிகிறது என்பதில்தான் பழகுநரின் பெரும்பாலான விபத்துகள் அடங்கியிருக்கின்றன. சைக்கிளின் இரு சக்கரங்களும் விளிம்பை ஒரே கணத்தில் விடுவதில்லை. முன்சக்கரம் காற்றில் இருக்கும் சிறு பொழுதில் பின்சக்கரம் இன்னும் மேட்டின் வளைவில் ஏறிக்கொண்டிருக்கிறது. அப்பொழுது தரை பின்சக்கரத்தை மட்டும் மேலே தள்ளுவதால், நிறை மையத்தைச் சுற்றி, அதாவது ஓட்டுபவர் சைக்கிள் இரண்டின் மொத்த எடையும் குவிந்திருப்பதாகக் கொள்ளத்தக்க புள்ளியைச் சுற்றி, மூக்கைக் கீழே சாய்க்கும் திருப்புவிசை தோன்றுகிறது. உடலை விறைப்பாக வைத்துக்கொண்டு ஏறுபவரை சீட் பின்னாலிருந்து உதைத்து, ஹேண்டில்பாருக்கு மேலே தூக்கி எறிவது இந்தத் திருப்புவிசைதான். வளைந்து எழும் மேடு சைக்கிளுக்கு மூக்கை உயர்த்தும் சுழற்சி ஒன்றையும் கூடவே தந்திருக்கும். இந்த இரண்டையும் ஒன்றுக்கொன்று ஈடாக்கிச் சுழற்சியற்ற நிலையில் விளிம்பை விடுவதே நுட்பம். கால்களின் அழுத்தம் பின்சக்கரம் விளிம்பைத் தொடும்வரை நீடித்து, பின்னர் இடுப்பு சற்றே பின்னகர்ந்து பாதங்கள் இலகுவாகி, பின்சக்கரம் எழுந்து உடலுக்கடியில் வருவதற்கு இடங்கொடுத்தால், உதைக்க வேண்டிய சீட் உயர்ந்து வந்து ஓட்டுபவரின் தொடைக்குக் கீழே அமைதியாக நின்றுவிடும். தாவுவதற்கு முன் சீட்டைத் தாழ்த்த வேண்டும் என்று பயிற்சியாளர்கள் வற்புறுத்துவதும் அந்த இடம் கிடைக்கவே.

விளிம்பை விட்ட பிறகு நிறை மையத்தின் பாதையை மாற்ற முடியாது; உடலும் சைக்கிளும் ஒன்றையொன்று பொறுத்து நிலைமாறுவது மட்டும் முடியும். முழங்காலை மடித்துச் சைக்கிளை உயர்த்தினால் உடல் அதே அளவுக்கு ஏற்பச் சற்றுத் தாழும், கைகளை முன்னே தள்ளினால் மூக்கு இறங்கும். சுழலும் சக்கரங்களில் சேமிப்பாக இருக்கும் கோண உந்தம், அதாவது சுழற்சியைத் தொடரவைக்கும் இயல்பு, இங்கே சிறிது உதவுகிறது. காற்றில் பின் பிரேக்கைப் பிடித்தால் சக்கரத்தின் சுழற்சி சட்டத்துக்கு மாறி மூக்கு சில பாகைகள் கீழே சாயும். மூக்கு மிகையாக மேலெழுந்தவருக்கு அது கடைசி நேரத்துக் கைத்தாங்கல். ஆனால் தரையைத் தொடுமுன் பிரேக்கை விட்டாக வேண்டும். மூக்கு சாய்ந்துவிட்டவருக்கு அந்த உதவியும் கிடையாது.

தாவலின் மிக முக்கியமான பகுதி இறக்கம் என்பதை எவ்வளவு வலியுறுத்தினாலும் தகும். அமெரிக்காவில் பனிச்சறுக்குத் தாவல்மேடுகளை ஆராய்ந்த கலிஃபோர்னியாப் பல்கலைக்கழக டேவிஸ் வளாகத்துப் பொறியியலாளர் மான்ட் ஹப்பார்டும் இயற்பியலாளர் ஜேம்ஸ் மெக்நீலும், இறங்கும் அடியை அளக்க 'இணையான வீழ்ச்சி உயரம்' என்னும் கருத்தை முன்வைத்தனர். ஒருவர் சரிவில் இறங்கும்போது படும் அடி, அசையாமல் நின்ற நிலையிலிருந்து சமதரையில் எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தால் படும் அடிக்குச் சமம் என்பதே அது. சரிவோடு இணையாகச் செல்லும் வேகம் அடியாக மாறுவதில்லை. சரிவுக்குச் செங்குத்தாகப் பாயும் வேகம் மட்டுமே அடியாகிறது. முன்சொன்ன 25 கிலோமீட்டர்த் தாவல் விளிம்பின் மட்டத்திலேயே உள்ள சமதரையில் முடிந்தால் அதன் இணையான வீழ்ச்சி உயரம் 61 சென்டிமீட்டர். அதே தாவல், அதே வேகத்தோடு, அதே மட்டத்தில் 25 பாகை சாய்ந்த இறங்குசரிவில் முடிந்தால் அந்த உயரம் ஏறத்தாழ 2 சென்டிமீட்டர். மேசையிலிருந்து குதிப்பதற்கும் ஒரு செங்கல்லின் கால்வாசித் தடிமனிலிருந்து இறங்குவதற்கும் உள்ள வேறுபாடு இது. ஓட்டுபவரின் திறமையில் எந்த மாற்றமும் இல்லாமலே மண்ணின் வடிவம் செய்து தரும் காப்பு. பின்னல் ஊசியின் தடத்தை வளைத்தவர்கள் கண்டதும் இதையே.

சரிவு இல்லாத இடத்தில் இறங்க நேரும்போது கால்களே சரிவின் வேலையைச் செய்ய வேண்டியிருக்கிறது. 61 சென்டிமீட்டர் வீழ்ச்சியை விறைத்த கால்களோடு வெறும் 10 சென்டிமீட்டருக்குள் நிறுத்தினால் உடல் தன் எடையைப்போல் ஏழு மடங்கு விசையைத் தாங்க வேண்டும். முழங்காலும் இடுப்பும் முழங்கையும் மடங்கி 50 சென்டிமீட்டர் வழிவிட்டால் அது இரண்டேகால் மடங்காகக் குறையும். இழுத்தால் நீண்டு விட்டால் மீளும் பனியன் துணியைப் போன்றது மடங்கும் முழங்கால். நெய்த துணிபோல விறைப்பாக நின்றால் தையல் விடுவதுபோல மூட்டுதான் விட்டுப்போகும். ஆகவே தரையைத் தொடும் கணத்தில் கால்கள் ஏறத்தாழ நீண்டிருக்க வேண்டும், நீண்ட கால்களுக்கே மடங்குவதற்கு இடமிருக்கிறது. ஆடை உற்பத்தியில் பரவலாகியிருக்கும் பாலியெஸ்டர்–எலாஸ்டேன் பின்னல் துணி சைக்கிள் உடையாகப் பயன்படுவதும், குந்தி எழும் உடலை அது தடுக்காமல் உடன் நீள்வதால்தான்.

சைக்கிள்தான் இந்தப் பாடத்தின் அபாயமான பகுதி. கடைகளில் 'எம்டிபி' என்று விற்கப்படும் வண்டிகளில் பல, அகன்ற டயரும் முன்னால் ஸ்பிரிங்கும் கொண்டிருந்தாலும் தாவுவதற்கென்று செய்யப்பட்டவை அல்ல. அமெரிக்கத் தரநிர்ணய அமைப்பான ஏ.எஸ்.டி.எம்., எஃப்2043 என்னும் வகைப்பாட்டில் சைக்கிள்களைப் பயன்பாட்டுக்கேற்ப நிலைகளாகப் பிரிக்கிறது. இரண்டாம் நிலை வண்டி ஏறத்தாழ 15 சென்டிமீட்டர் வரையிலான தாழ்வைத் தாண்டவும், மூன்றாம் நிலை வண்டி 61 சென்டிமீட்டர் வரையிலும், நான்காம் நிலை வண்டி 122 சென்டிமீட்டர் வரையிலும் தாங்கவும் கருதப்படுகின்றன. சட்டத்திலோ கையேட்டிலோ இருக்கும் அந்தக் குறியைப் பார்க்காமல் மேட்டில் ஏறுவது அபாயமானது, ஏனெனில் போர்க்கின் தண்டும் ஹேண்டில்பாரின் இணைப்பும் ஒரே அடியில் முறியாமல் பல அடிகளில் நுண்விரிசல் விட்டு ஒருநாள் எதிர்பாராமல் முறிகின்றன. ஸ்பிரிங் அழுந்தியபின் திரும்பும் வேகத்தை மட்டுப்படுத்தும் எண்ணெய் அறை இல்லாத மலிவான போர்க், வாங்கிய அடியைச் சேமித்து வைத்துத் திருப்பி அடிக்கும். ஹெல்மெட்டின் உள்ளே இருக்கும் நுரைப்பஞ்சு ஒருமுறை நசுங்கியே உயிரைக் காக்கிறது, மறுமுறை அது காக்காது. விழுந்த ஹெல்மெட்டை மாற்றுவதில் சிக்கனம் பார்ப்பது தவறு.

பழகும் ஒழுங்கில் முதலிடம் சமதரைக்கு. நின்றபடி உருளும்போது கால்களால் அழுத்தி விட்டு டயர்கள் இலேசாவதை உணர்வது, பிறகு ஒரு சாண் உயர மேட்டில் உருண்டு அதன் அடியில் அழுத்தியும் உச்சியில் மடங்கியும் பார்ப்பது, அதன்பின் உச்சி சமதளமாக உள்ள மேசைமேட்டுக்குச் செல்வது என்று முறை அமையலாம். மேசைமேட்டில் ஏறுமுகத்துக்கும் இறங்குமுகத்துக்கும் நடுவே பள்ளம் இல்லாததால், வேகம் குறைந்தாலும் சக்கரம் மேசையின் மேல் விழுந்து தப்பித்துவிடும். நடுவில் பள்ளம் உள்ள இரட்டைமேடு மாறாத வேகம் கைவந்தவருக்கு மட்டுமே உரியது. கைபேசியின் மெதுவோட்டக் காட்சியில் விளிம்பைப் பக்கவாட்டிலிருந்து பதிவுசெய்தால், கால்கள் நீளத் தொடங்கிய கணமும் பின்சக்கரம் விட்ட கணமும் கண்ணுக்குத் தெரியும். பின்னல் கூடத்தில் ஒன்றரை ஷிப்டு நின்றே வேலை பார்த்துவிட்டு வரும் இளைஞரின் கால்தசைகள் மாலையில் சோர்ந்திருக்கும். அழுத்தத்தின் காலக்கணக்கு கால் நொடிக்குள் அமைவதால் சோர்வு அதை முதலில் குலைக்கும். ஞாயிற்றுக்கிழமை காலைப் பொழுதே அவர்களுக்கு ஏற்றது.

பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடி மாதங்களில் வீசும் காற்று உடுமலை, தாராபுரம், பல்லடம் பக்கத்துக் காற்றாலைகளைச் சுழற்றுவதோடு தாவுபவரையும் தள்ளுகிறது. நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் பக்கவாட்டில் வீசும் காற்று, சைக்கிளோடு சேர்ந்து 80 கிலோ எடையுள்ள ஒருவரை 0.7 நொடியில் ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவாக ஒதுக்கிவிடும் என்று கணக்கிடலாம்; குறுகிய இறங்குசரிவில் அந்த ஒதுக்கமே சரிவின் விளிம்புக்கு வெளியே கொண்டுபோய்விடும். காய்ந்த சரளைச் செம்மண் அந்த மாதங்களில் பொலபொலவென்று உதிர்ந்து மேட்டின் வளைவையும் கெடுக்கிறது. ஐப்பசி மழைக்குப் பின்னர் செம்மண்ணோடு களிமண்ணைக் கலந்து, அடுக்கடுக்காகப் பரப்பி, நீர் தெளித்துத் திமிசுக்கட்டையால் இறுக்கி எழுப்பிய மேடு கார்த்திகையில் உலரத் தொடங்குகிறது. விளிம்பின் கோணத்தையும் இறங்குமுகத்தின் சாய்வையும் மட்டப்பலகையால் சரிபார்த்துத் திருத்த அந்த ஈரம் மிச்சமிருக்கும் நாட்களே வசதியானவை. மார்கழி, தை மாதங்களில் காற்றடங்கிய அதிகாலைகளில், இறுகிய அந்த மண்மேல் சக்கரம் முதன்முறையாக ஏறுகிறது.